காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல்லாலா? குழந்தைக்குப் பல் முளைக்கும்போது உண்மையில் தெரியும் அடையாளங்கள்

நான்கு மாதக் குழந்தை கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சட்டை நனைய எச்சில் ஒழுக்கினால் போதும், மார்த்தாண்டம் சந்தையில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத அக்காகூட "பிள்ளைக்குப் பல்லு முளைக்கப் போவுது மக்ளே" என்று கன்னத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போவார். அதே குழந்தைக்கு ஏழாம் மாதம் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தால், "பல்லுக் காய்ச்சலாக்கும், பயப்படாதே" என்பார்கள். எட்டாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்தால் "பல்லு வாற நேரம் அப்படித்தான் போகும்" என்பார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்றில் முதல் பேச்சு பாதிதான் சரி, மற்ற இரண்டும் தவறு, அதிலும் கடைசி ஒன்று குழந்தையின் உயிரோடு விளையாடுகிற தவறு. அதனால்தான் பல் முளைப்பதற்கு முன் வாயில் உண்மையில் என்ன தெரியும், எதைப் பல்லின் தலையில் போடக் கூடாது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எச்சில். இரண்டு மூன்று மாதம் ஆகும்போது குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆனால் ஊறுகிற எச்சிலை அவ்வப்போது விழுங்கிக்கொள்ளும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு இன்னும் வந்திருக்காது, தடுத்து நிறுத்த முன்பல்லும் கிடையாது, அதனால் வழிகிறது. கையை வாய்க்குக் கொண்டுபோவதும் அதே வயதில் வருகிற வளர்ச்சிதான்: தன் கை தனக்கே சொந்தம் என்று கண்டுபிடித்து, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வாயால் தொட்டுப் படிக்கிற காலம் அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் பல் வெளியே தெரிய இதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு அரை வருடம்கூட ஆகும். ஆகவே மூன்றாம் மாதத்து ஜொள்ளை மட்டும் வைத்துப் பல் வருகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த எச்சில் திடீரென்று கூடுகிறது, கூடவே ஈறிலும் மாற்றம் தெரிகிறது என்றால் அப்போது சந்தேகப்படலாம்.

பல் என்பது ஆறாம் மாதத்தில் புதிதாக உண்டாகிற பொருள் இல்லை. தாயின் வயிற்றில் கரு ஆறு வாரமாக இருக்கும்போதே பால் பற்களுக்கான மொட்டுகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன, நான்காம் மாதவாக்கில் அவற்றில் சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பிக்கிறது. பிறந்த அன்று பொக்கை வாயோடு சிரிக்கிற குழந்தையின் ஈறுக்கு அடியில் 20 பால் பற்களும் வெவ்வேறு கட்டத்தில் தயாராகிக்கொண்டிருக்கும். அப்புறம் வேர் வளர வளரப் பல் மேலே நகர்கிறது, அதற்கு வழிவிட மேலே உள்ள எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, கடைசியில் ஈறின் திசுவும் அந்த இடத்தில் தானாகவே விலகிக்கொடுக்கிறது. கத்தி மாதிரி பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று நாம் கற்பனை செய்துகொள்வதால்தான் குழந்தை துடிக்கும், காய்ச்சல் வரும் என்றெல்லாம் நம்பத் தோன்றுகிறது. உள்ளபடி நடப்பது மெதுவான வேலை. அந்த இடத்தில் லேசான அழற்சி இருக்கும், தொட்டால் கூசும், சில நேரம் வலிக்கும், அவ்வளவுதான்.

வரிசை ஓரளவு எல்லாருக்கும் ஒன்றுதான், மாதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். கீழ்த்தாடையின் நடுவில் உள்ள இரண்டு முன்பற்கள் பொதுவாக 6 முதல் 10 மாதத்துக்குள் வரும், மேலே நடுவில் இரண்டும் 8 முதல் 12 மாதத்துக்குள். அவற்றை ஒட்டிய பக்கத்துப் பற்கள் மேலே 9 முதல் 13, கீழே 10 முதல் 16 மாதம். முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்றரை வயதுக்கு முன்னும் பின்னுமாக, கோரைப் பற்கள் அதை அடுத்து, கடைசிக் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதுக்கு மேல் இரண்டே முக்கால் வரைக்கும். கடைவாய்ப் பல் அகலமானது என்பதால் முன்பல்லுக்கு ஒன்றும் காட்டாத பிள்ளைகூட அப்போது நாலு நாள் சிணுங்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துக் கணக்கிட்டுப் பார்த்தால் கவலை பாதி குறைந்துவிடும்.

இனி வாயைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் முதல் அடையாளம் அங்கேதான் இருக்கிறது, அதைப் பார்க்காமலேதான் நாம் பலவற்றையும் பேசுகிறோம். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி குழந்தையை மடியில் மல்லாத்திக்கொள்ளுங்கள், தலை உங்கள் வயிற்றுப் பக்கம் இருந்தால் சுலபம். கீழ் உதட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பல் வராத ஈறு மெல்லிய விளிம்போடு, சீரான இளஞ்சிவப்பில் இருக்கும். பல் நெருங்கிய ஈறு நடுவில் கொஞ்சம் தடித்து, அகலமாகி, மேல்பக்கம் தட்டையாகத் தெரியும். சில பிள்ளைகளுக்குச் சிவந்திருக்கும், சிலருக்குச் சிவப்பே இருக்காது. இன்னும் நெருங்கிவிட்டால் தோலுக்கு அடியில் வெளுத்த ஒரு கீற்று தெரியும், ஆள்காட்டி விரலால் தடவினால் கடினமான விளிம்பு தட்டுப்படும், அது வெளியே வந்த அன்று சங்கிலோ எவர்சில்வர் கரண்டியிலோ பட்டு டிக் என்று சத்தம் கேட்கும். வீட்டில் முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் யார் என்பதில் ஒரு சின்னப் பெருமையே உண்டு.

சில குழந்தைகளுக்குப் பல் வருகிற இடத்தில் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ சின்னக் குமிழ் ஒன்று எழும்பும். ரத்தம் கட்டிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, பல்லுக்கு மேல் நீரோ ரத்தம் கலந்த நீரோ கோத்து நிற்பதுதான் அது, பல் வெளியே வந்ததும் தானாக உடைந்து போய்விடும். ஊசியால் குத்தாமல் இருந்தால் போதும். இன்னொன்று, பிறந்த சில வாரங்களில் ஈறிலும் மேல் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகச் சின்ன மணிகள் தெரிவதுண்டு. அவை பல் இல்லை, அதுவாக மறைந்துவிடும்.

நடத்தையில் தெரிவது என்னவென்றால், கையில் கிடைக்கிற எதையும் வெறுமனே சப்பாமல் ஈறால் அழுத்திக் கடிக்கும். உங்கள் தோளையும் தாடையையும்கூட விடாது. பால் குடிக்க ஆசையாக வந்து, இரண்டு இழுப்பு இழுத்து, விட்டுவிட்டு அழும், ஏனென்றால் உறிஞ்சும்போது ஈறுக்கு ரத்தம் பாய்ந்து கூசும். கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பும். கன்னத்தையும் காதையும் தேய்க்கும். எச்சில் பட்டுப் பட்டு மோவாயிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்து பொரிப்பொரியாக வரும். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் தூக்கக் குறைவு, அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிற பிடிவாதம். இவை பல் வெளியே தெரிவதற்கு நாலைந்து நாள் முன்னால் தொடங்கி, வந்த பிறகு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீண்டால் காரணம் வேறு.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 125 குழந்தைகளின் பெற்றோரிடம் தினமும் குறித்துவைக்கச் சொல்லி, 475 பற்கள் முளைத்ததைப் பின்தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கடிப்பது, எச்சில், ஈறைத் தேய்ப்பது, சப்புவது, எரிச்சல், காதைத் தேய்ப்பது, முகத்தில் பொரி, திட உணவில் விருப்பமின்மை, உடம்பு லேசாகச் சுடுவது ஆகியவை பல் வரும் அந்த எட்டு நாட்களில் கூடியிருந்தன. சளி, இருமல், வாந்தி, மலம் இளகிப் போவது, முகம் தவிர மற்ற இடத்தில் தடிப்பு, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பே தெரியவில்லை. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு: பல் வரும் நாட்களில்கூட எந்த ஒரு அறிகுறியும் 35 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இல்லை. அதாவது பல் வருகிறது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் தவறாமல் காட்டிக்கொடுக்கிற அடையாளம் ஒன்றுகூட இல்லை.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் குழந்தைகள் காப்பகங்களில் 21 குழந்தைகளைத் தினமும் பல் பணியாளர் ஒருவர் வாய் பார்த்து, காய்ச்சல் அளந்து, பெற்றோரிடமும் காப்பகத்தில் பார்த்துக்கொள்பவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவைத்தார்கள். 90 பற்கள் முளைத்தன. பல் வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் காய்ச்சலிலோ மனநிலையிலோ மலத்திலோ இல்லை. ஆனால் எல்லாம் முடிந்தபின் கேட்டபோது, தங்கள் குழந்தை பல் முளைக்கும்போது சிரமப்பட்டது என்றே பெற்றோர் சொன்னார்கள். நம் மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. பிள்ளை அழுத நாளும் பல் தெரிந்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம், பல் வராமல் அழுத நாட்களை மறந்துவிடுகிறோம்.

சரி, அப்படியானால் ஏழு எட்டு மாதத்தில் ஏன் இத்தனை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருகிறது? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். தாயின் வயிற்றில் இருக்கும்போது தொப்புள்கொடி வழியாகக் கிடைத்த எதிர்ப்புப் புரதங்கள் பிறந்து ஆறு மாதவாக்கில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன, குழந்தையின் சொந்தப் பாதுகாப்பு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. சரியாக அதே நேரத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்குகிறோம். மட்டிப்பழம் மசித்துக் கொடுக்கிறோம், ஏத்தங்காய் மாவு காய்ச்சுகிறோம், கேழ்வரகுக் கூழ், கோயிலில் சோறூட்டு. மட்டிப்பழத்தில் ஒரு குறையும் இல்லை, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக முதல் பழம் அதுதான், 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. பிரச்சினை அதை மசிக்கிற கை, கிண்ணம், கூடக் கொடுக்கிற தண்ணீர், காலையில் காய்ச்சி மத்தியானம் வரை மூடிவைத்த கூழ். போதாததற்குப் பிள்ளை தவழவும் தொடங்கிவிட்டது: வராந்தாவில் கிடக்கிற செருப்பு, கோழி நடந்த முற்றம், குளச்சல் பக்கம் கடற்கரை வீடு என்றால் வாசல் மணல், குலசேகரம் பக்கம் மலையோரம் என்றால் ஈரம் காயாத தரை, எதுவும் வாய்க்குத் தப்பாது. நமக்கோ ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழைக்காலம். இரண்டு மழையிலும் கிணற்றுத் தண்ணீர் கலங்கும்.

ஆக, பல் வருகிற வயதும் நோய்க்கிருமிகளை முதன்முதலாகச் சந்திக்கிற வயதும் ஒன்று. குற்றம் கிருமியுடையது, பழி பல்லுக்கு.

இந்தப் பழியால் தப்பித்துப் போகிற நோய்கள் என்னென்ன என்று பார்த்தால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று தெரியும். வயிற்றுப்போக்குதான் முதலாவது. எட்டு கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை ஒரே நாளில் தண்ணீராகப் பலமுறை போனால் உடம்பில் உள்ள நீர் எவ்வளவு வேகமாக வற்றும் என்று நினைத்துப் பாருங்கள். பல்லுதானே என்று ஒரு பகல் விட்டால் சாயங்காலத்துக்குள் கண் குழி விழுந்து, நாக்கு காய்ந்து, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் முடியாமல் சீணப்பட்டுக் கிடக்கும். வயிற்றுப்போக்கு என்றால் பல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே வேண்டாம், ஓஆர்எஸ் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கத் தொடங்குங்கள். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீர், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே என்றால் 10, போக்கு நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். இவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், ஊருக்கு வருகிற நர்ஸம்மாவிடமும் கேட்கலாம்.

அடுத்து, வாய்க்குள்ளேயே வருகிற நோய்கள். ஹெர்பிஸ் கிருமி முதன்முறை தாக்கும்போது ஈறு முழுவதும் வீங்கிச் சிவந்து, தொட்டால் ரத்தம் வந்து, நாக்கிலும் உதட்டிலும் கொப்புளம் போட்டு, குழந்தை ஒரு சொட்டும் குடிக்காது, எச்சில் கொட்டும், காய்ச்சல் அனலாக அடிக்கும். பல்லின் வீக்கம் ஒரே இடத்தில் இருக்கும், இது வாய் முழுக்க இருக்கும், வித்தியாசம் அதுதான். 2022-இல் கொல்லம் மாவட்டத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பாகப் பேசப்பட்டது நினைவிருக்கும், பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தைத் தாண்டினால் கொல்லம் என்பதால் இங்கேயும் எல்லாரும் பயந்தார்கள். அது கை, பாதம், வாய் மூன்றிலும் கொப்புளம் போடுகிற பழைய வைரஸ் நோயின் ஒரு வகைதான். அதிலும் முதலில் தெரிவது எச்சிலும் சாப்பிட மறுப்பதும்தான். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தால் போதும்.

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு காய்ச்சலோடு இரவெல்லாம் கத்துகிற பிள்ளைக்குக் காதுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். சளி இல்லை, இருமல் இல்லை, வெறும் காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு அடிக்கிறது என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மூத்திரம் சோதித்தால்தான் தெரியும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, அது இறங்கின பிறகு உடம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பொரி வந்து போவது இன்னொரு வைரஸ், அந்த வாரத்தில் ஒரு பல்லும் தெரிந்துவிட்டால் பல்லுக் காய்ச்சல் என்று குடும்பச் சரித்திரத்திலேயே எழுதிவிடுவார்கள்.

எனவே அளவு இதுதான்: மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 102-ஐத் தொட்டாலோ, குறைவான காய்ச்சலே இரண்டு நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பால் குடிக்கவே மறுப்பது, குடித்ததையெல்லாம் கக்குவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு வேகமாக இழுப்பது ஆகிய எதைக் கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ பக்கத்தில் குழந்தை மருத்துவர் உள்ள எந்த ஆஸ்பத்திரியோ, நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பல்லின்மேல் பழிபோடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838. அந்த மருத்துவர்களை அனுப்பிய அதே இங்கிலாந்தில் அடுத்த ஆண்டு, 1839-இல், பல் முளைத்ததால் இறந்தன என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்பட்ட சாவுகள் 5,000-க்கு மேல். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே தொடங்கிவைத்தபடி, பல் வர உதவுகிறோம் என்று குழந்தைகளின் ஈறைக் கத்தியால் கீறிவிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது. ஈறைக் கீறாத வீட்டில் பல் பொடி கொடுத்தார்கள், அதில் இருந்தது பாதரச உப்பு. கைகால் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தைகள் வாடின, காரணம் தெரியாமல் மருத்துவர்கள் பல வருடம் தவித்தார்கள். 1940-களில் அந்தக் குழந்தைகளின் மூத்திரத்தில் பாதரசம் இருப்பதைக் கண்டார்கள், 1954-இல் பிரிட்டனில் பொடிகளிலிருந்து பாதரசத்தை எடுத்ததும் அந்த நோயே மறைந்துபோயிற்று. அமெரிக்காவிலோ 1849 முதல் விற்ற மிசஸ் வின்ஸ்லோ சிரப்பில் மார்பின் இருந்தது. பல் வலிக்குக் கொடுத்தார்கள், பிள்ளைகள் அமைதியாகத் தூங்கின, சில பிள்ளைகள் எழவே இல்லை. பல்லுக்கு என்று கொடுத்த மருந்துகள்தான் எப்போதும் குழந்தைகளைக் கொன்றிருக்கின்றன.

அந்தக் கதை முழுதாக முடியவும் இல்லை. மரத்துப்போகச் செய்கிற ஜெல்லை ஈறில் தடவுகிறார்கள். பென்சோகேன் உள்ள ஜெல் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியையே கெடுத்துவிடக்கூடும் என்பதால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வேண்டாம் என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. லிக்னோகேன் ஜெல்லை விழுங்கினால் வலிப்பு வரலாம். வாய்ப்புண்ணுக்கு நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற கோலின் சாலிசிலேட் ஜெல்லை பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. எப்படியும் எச்சில் ஊறுகிற வாயில் எந்த ஜெல்லும் சில நிமிடத்துக்கு மேல் நிற்காது, எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும்.

தேன் தடவுவது இன்னொன்று. தேன் என்றாலே நமக்கு மார்த்தாண்டம், வீட்டுக்குப் பின்னால் பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சுத்தமான தேன் என்கிற நம்பிக்கையும் உண்டு. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயதுக்குக் குறைந்த குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கிக் குழந்தையைத் தளர்த்திவிடும். ஒரு வயது முடியட்டும், பிறகு தாராளமாகக் கொடுங்கள்.

அப்புறம் வசம்பு. இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்கு வருத்தம் வரும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓட்டை போட்டு, கருப்புக் கயிற்றில் கோத்து வளையலாகக் கையில் கட்டிவிடுகிறோம். ஐந்தாம் மாதம் வரை அது கையில் இருக்கும், பல் வருகிற நேரம் அது வாயில் இருக்கும். ஈறு ஊறுகிறபோது கையோடு கட்டியிருக்கிற கட்டையைக் கடிக்காமல் எந்தக் குழந்தை இருக்கும்? எச்சிலில் ஊறி நார் நாராகப் பிரிந்த துண்டையும், இற்றுப்போன கயிற்றையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள், அது எப்போது வேண்டுமானாலும் கழன்று தொண்டையில் சிக்கலாம் என்று தெரியும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்கிற பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டு 1968-லேயே அமெரிக்கா அதை உணவுப் பொருட்களில் தடை செய்தது. உரைமருந்தாகவும் வேண்டாம், கடிப்பதற்கும் வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்று மாமியார் சொன்னால் காலில் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏழு மாதத்தில் காலும் வாய்க்கு எட்டும், தொட்டில் கம்பில் கட்டிவிடுங்கள், பிள்ளையின் கை எட்டாத உயரத்தில். கருமணி வளையலுக்கும் இதே பேச்சுதான். பல் வலியைப் போக்கும் என்று ஆன்லைனில் விற்கிற அம்பர் மணிமாலையை வாங்கவே வாங்காதீர்கள், அது கழுத்தில் இறுகி ஒரு குழந்தை இறந்திருக்கிறது.

உண்மையில் உதவுவது மிகச் சாதாரணமானவை. கழுவின விரலால் ஈறை ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்துவிடுவது, இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. சுத்தமான மெல்லிய துணியை, பழைய பருத்தி வேட்டித் துண்டாக இருந்தாலும் சரி, கொதித்து ஆறின தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து, உங்கள் கையில் பிடித்தபடியே கடிக்கக் கொடுக்கலாம். ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம், ஈறு புண்ணாகும். கடிக்கிற பொம்மை வாங்கினால் உள்ளே தண்ணீர் அடைத்தது வேண்டாம், ஒரே வார்ப்பான ரப்பரோ சிலிக்கோனோ போதும். கேரட் துண்டு, ரஸ்க், முறுக்கு எதுவும் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள், புதுப் பல்லால் கடித்து உடைக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. மோவாயில் எச்சில் பட்ட இடத்தைத் துடைத்துத் துடைத்துப் புண்ணாக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, மெல்லியதாகத் தேங்காயெண்ணெய் பூசினால் பொரி அடங்கும்.

இரவு ரொம்பச் சிரமப்பட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு கொடுங்கள். இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சொட்டு மருந்தாக வருவதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120-ஓ 125-ஓ இருக்கும், இன்னொரு சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250. பாட்டில் மாறினால் அளவு தலைகீழாக மாறிவிடும். போன தடவை ஐந்து மில்லி கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தில் ஐந்து மில்லி ஊற்றினால் ஈரலுக்கே ஆபத்து வரலாம். பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். சில குழந்தைகளுக்கு வரிசை மாறி மேல் பல் முதலில் வருவது இயல்பு, பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்திருக்கும். இந்தப் பேச்சால் பிள்ளை பெற்ற ஒரு பெண் தன் அண்ணன் தம்பியை நினைத்துப் பயந்துகொண்டு கிடப்பதைப் பார்க்கிறபோது மனசு கேட்கவில்லை. பல்லோடு பிறக்கிற குழந்தைகளும் உண்டு, ஏறக்குறைய 2,000 முதல் 3,000 பிறப்புக்கு ஒன்று. அது பெரும்பாலும் சீக்கிரம் வந்த பால் பல்தான், சகுனம் இல்லை. ஆடினால் விழுங்கிவிடும் அபாயத்துக்காக எடுப்பார்கள், உறுதியாக இருந்தால் விட்டுவிடுவார்கள், நாக்கின் அடியில் உரசிப் புண்ணாகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

தாமதமாக வந்தால் கால்சியம் சிரப் வாங்குகிறவர்கள் நிறைய. நன்றாக வளர்கிற குழந்தைக்கு அது பல்லை ஒரு நாள்கூட முன்னால் கொண்டுவராது. முதல் பிறந்தநாளில் பொக்கை வாயோடு கேக் வெட்டினால் தப்பில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், தைராய்டு குறைவோ வைட்டமின் டி குறைவோ இருக்கலாம்.

பல் வந்த பிறகு தாய்க்கு வருகிற பயம் கடிதான். கடித்துவிட்டது என்று பாலை மறக்கடிக்காதீர்கள், வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம், இழுத்தால் காயம் பெரிதாகும். பிள்ளையின் முகத்தை மார்போடு இன்னும் கொஞ்சம் அணைத்தால் மூச்சுக்காக வாயைத் திறக்கும், இல்லையென்றால் வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து விலக்கலாம். மும்முரமாகக் குடிக்கிற குழந்தையால் கடிக்க முடியாது, நாக்கு கீழ்ப் பல்லை மூடியிருக்கும். வயிறு நிறைந்து விளையாடத் தொடங்கும்போதுதான் கடிக்கும், அந்த முகத்தைக் கண்டதும் எடுத்துவிடுங்கள். குடிக்கத் தொடங்கும் முன் ஈறைத் தேய்த்துவிட்டாலும் நல்லது.

முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்க வேண்டும். மென்மையான சின்ன பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி மணி அளவு, காலையும் இரவும். சர்க்கரை போட்ட பாலை பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தபடி தூங்க வைப்பதுதான் மேல் முன்பற்கள் இரண்டு வயதிலேயே அரித்துக் கறுத்துப்போக முக்கியக் காரணம். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை கொடுக்கச் சொல்லி அங்கன்வாடி வழியாகத் தருகிற இரும்புச்சத்து சிரப்பாலும் பல்லில் கறுப்புக் கறை படியும், அதைச் சொத்தை என்று நினைத்து சிரப்பை நிறுத்திவிடுகிறார்கள். அது மேலே ஒட்டிய கறைதான், நாக்கின் பின்பக்கமாக விட்டுக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் குறையும், பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். ஒரு வயது முடிவதற்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை வாயைக் காட்டும்போது இதையும் கேட்டுக்கொள்ளலாம்.